கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கியவர்

அறைக்குள் ஆள் இருக்கிறாரா, இல்லையா? என் உத்தியோகம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வருஷம் பாலைவனத்தில் போய்க் கிடந்தீர்கள் என்று என் மனைவி கேட்பாள். ஆமாம் தாயே, இதைக் கண்டுபிடிக்கத்தான்.

எதிர் வீட்டு ஷாலினி பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் கோலார் தங்க வயலில் பாதிப் பேரைப் போல அவளும் விடிகாலை ரயிலில் தொங்கிக்கொண்டு போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, எங்க ஓட்டல்ல இப்பல்லாம் கதவே தட்டறதில்ல. உள்ள ஆள் இருந்தா சென்ஸார் கண்டுபுடிச்சு வெளிய குட்டியா ஒரு லைட் எரியும். நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்டி மேனேஜ் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"தட்டினோம்மா," என்றேன்.

"அவ்ளோதானா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் நாளைக்கும் தனியாகத்தான் ஒவ்வொரு அறையாகப் போய்த் திறக்க வேண்டும். அதனால் அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேய்க்கு இடம் கிடையாது. நாங்கள் பௌத்தக் குடும்பம். என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்தவர். பேய் ஓட்டுகிறேன் என்று வேப்பிலையோடு தெருவுக்குள் வந்தவனை, "மொதல்ல என்னய ஓட்டு பாப்போம்" என்று துரத்தியடித்தவர். இருட்டில் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னால், "பூமிக்குள்ள போனா எங்க பார்த்தாலும் இருட்டுதான். ஒண்ணுமே இல்லடா அங்க, கல்லுதான்," என்பார். அப்படி வளர்ந்தவன் நான். ஆகவே கீழே எழுதியிருப்பதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சவில்லை. எனக்கே இதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சுரங்கத்தை மூடியபோது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிற லிப்ட்டான கேஜில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவன், ஒரு ஏஜென்ட் மூலமாக வளைகுடாவுக்குப் போய் ஓட்டல் சலவைக்கூடத்தில் விழுந்தேன். அங்கிருந்து அறைகளுக்கு, அறைகளிலிருந்து ஒரு மாடி முழுவதற்கும் சூப்பர்வைசர். கேட்டால் ஒரு வரி. அனுபவித்தவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும்.

அந்த ஓட்டலை இப்போதைய கண்ணாடிக் கோபுரங்களோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். பழைய பெருமை உள்ள இடம். வியாபார வேலையாக வருகிறவர்கள்தான் அதிகம். பித்தளை போட்ட லிப்ட் கதவுகளை நாள் முழுக்க ஒருவன் துடைத்துக்கொண்டே இருப்பான். வாசலில் நுழைந்ததும் ஊது என்கிற அகில் கட்டை எரிகிற மணம், சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய்க் காப்பி, தட்டில் பேரீச்சம்பழம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே சால்வை கேட்கிற குளிர். நாங்கள் வேலையாட்கள் பின்வாசல் வழியாக வெளியே வந்தால், கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் கண்ணாடி பனித்துவிடும். கொஞ்ச நேரம் குருடர்களாக நின்றுவிட்டுத்தான் பஸ்ஸைத் தேடுவோம்.

அங்கே தங்குகிறவர்கள் ஒரு தனி ஜாதி. வீட்டில் இருப்பதைவிட ஓட்டலில் அதிகம் இருந்தவர்கள். ஒருவருக்குத் தலையணை மூன்று வேண்டும், இன்னொருவருக்குத் தலையணையே ஆகாது. ஒரு ஜப்பான்காரர் தினமும் தன் படுக்கையைத் தானே விரித்துவைத்துவிட்டு, எங்களிடம் மன்னிப்பு வேறு கேட்பார். நாங்கள் அவர்களோடு பேசியது சொற்பம். ஆனால் யார் எந்தப் பக்கம் படுப்பார், யார் துண்டைத் தரையில் போடுவார் என்பதெல்லாம் எங்களுக்குப் பாடம்.

இந்தப் பாடத்தை நடத்தியவர் மேடம் சல்மா. ஹவுஸ்கீப்பிங் முழுவதற்கும் தலைவி. லெபனான்காரர், கணவரை இழந்தவர், எப்போதும் சாம்பல் நிறப் பாவாடை, தட்டையான செருப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அறையைச் சோதிக்க வந்தால் மற்ற அதிகாரிகளைப் போல மேசைக்கடியில் விரலை விட்டுத் தூசு தேட மாட்டார். வாசலிலேயே நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பார். பிறகு உள்ளே போய், தங்குகிறவர் உட்காரும் நாற்காலியில் உட்காருவார். அவர் பார்க்கும் திசையைப் பார்ப்பார். அங்கே ஒரு திரை கோணலாகத் தொங்கினால், "கௌதம், இவர் ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டா காப்பி குடிக்க வேண்டும்?" என்பார். அவ்வளவுதான் திட்டு. அதற்கே எனக்கு வியர்க்கும்.

கதவு தட்டுவதற்கும் அவரிடம் முறை உண்டு. சாவியால் தட்டக்கூடாது, மோதிரத்தால் தட்டக்கூடாது. விரல் மூட்டால் தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்ல வேண்டும். காத்திருக்க வேண்டும். மறுபடி தட்ட வேண்டும். ஆள் வந்து திறந்தால் சரி. திறக்காவிட்டால் மாஸ்டர் சாவி போட்டு, கை நுழையும் அளவுக்குத் திறந்து மறுபடி குரல் கொடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கதவுகள் அப்படி. புதுப்பித்தபோது சுற்றிலும் ரப்பர் வைத்துக் கனமான கதவுகளாகப் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து தட்டினால் மரம் அதிர்ந்து உள்ளே கேட்கும். உள்ளே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. ஒரு நாள் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர் மறுநாளும் வேண்டாம் என்றால், சூப்பர்வைசர் நேரில் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். "குரலை நம்பாதே, போனை நம்பாதே, முகத்தைப் பார்," என்பது மேடத்தின் சட்டம்.

இனி முனிரத்னம் அண்ணன். எங்கள் ஊர், ஆண்டர்சன்பேட்டை. என்னைவிடப் பெரியவர். சுரங்கத்துக்குள் துளை போடும் மிஷின் பிடித்த கை. நான்தான் சொல்லி ஓட்டலுக்கு வரவழைத்தேன். சலவைக்கூடத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, அப்போதுதான் என் மாடிக்கு வந்திருந்தார். நான் அவருக்கு மேலதிகாரி. ஆனால் அவர் என்னை "தம்பி" என்பார், நான் "அண்ணா" என்பேன். அவர் படுக்கை விரித்தால் சுருக்கம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கதவு தட்டுவதில் மட்டும் கூச்சம். "பெரிய பெரிய ஆளுங்க தம்பி. நாம போயி தொந்தரவு பண்ணிக்கினு," என்பார்.

இந்த விஷயம் நடந்த அறைக்கு வந்தவர் ஒரு நார்வேக்காரர். ஹால்வர் என்று கூப்பிடுவோம். கப்பல் இன்சூரன்ஸ் வேலையாக அடிக்கடி வருகிற பழைய வாடிக்கையாளர். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். போன் இருக்கிற பக்கம்தான் படுப்பார், நீட்டிப் படுத்தால் கால் வெளியே வரும். இந்தத் தடவை மாலையில் வந்து இறங்கினார். மறுநாள் முனிரத்னம் அண்ணன் தட்டிவிட்டு வந்து, "பெரியவரு தூங்குறாரு தம்பி. அப்பறம் வரச் சொன்னாரு," என்றார். தூர தேசத்திலிருந்து பறந்து வருகிறவர்கள் பகலெல்லாம் தூங்குவது சகஜம். நானும் சுத்தம் வேண்டாம் என்று குறித்துக்கொண்டேன்.

அதற்கும் மறுநாள் மதியம். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. விரிப்புகள் வைக்கிற சின்ன அறையில் நான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முனிரத்னம் அண்ணன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கும் வேணாமாம் தம்பி. பாவம், அலுப்பு போல. 'இப்பத்தான் படுத்தேன்'னாரு."

"கதவத் தெறந்தாரா?"

"இல்ல. உள்ளேர்ந்தே சொன்னாரு."

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டிய இரண்டாம் நாள் இது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. சாவியை எடுத்தேன். எடுத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "இங்கிலீஷ்ல இன்னா சொன்னாரு?"

"இங்கிலீஷா? எனக்கு எங்க தம்பி இங்கிலீஷு. தமிழ்லதான் சொன்னாரு. 'இப்பத்தான்பா படுத்தேன், அப்பறம் வா'ன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு சட்டம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்த ஆளை யாரும் எழுப்பக்கூடாது. தபால்காரர் வந்தாலும் சரி, பெண் கொடுத்த மாமனார் வந்தாலும் சரி. அந்த வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் விளையாட மாட்டோம். தெரியாமல் யாராவது தட்டிவிட்டால், உள்ளிருந்து கண்ணைத் திறக்காமலே அந்த ஆள் பதில் சொல்வார்: "இப்பத்தான் படுத்தேன், அப்பறம் வா." பதில் சொன்னதே அவருக்கு ஞாபகம் இருக்காது. தூக்கமே பேசும். தட்டியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவார். இதைக் கேட்டு வளர்ந்த காது அது. எந்த நாட்டில் நிற்கிறோம், கதவு எவ்வளவு கனம், உள்ளே இருப்பவர் யார் என்றெல்லாம் யோசிக்க அந்தக் குரல் இடம் கொடுக்காது. கேட்டதும் கால் திரும்பிவிடும்.

"வாண்ணா, போய்ப் பாப்போம்," என்றேன்.

காரிடாரில் யாரும் இல்லை. கம்பளம் எங்கள் காலடிச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. நான் தட்டினேன். ஹவுஸ்கீப்பிங் என்றேன். காத்திருந்தேன். மறுபடி தட்டினேன்.

"இப்பத்தான்பா படுத்தேன்," என்றது உள்ளே இருந்து. "அப்பறம் வா."

கரகரத்த, களைத்த குரல். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்வேன், கேட்டேன். எங்கள் லைன் வீட்டின் தட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில் கேட்டது. யாருடைய குரல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லா ஆண்களும் தூக்கத்தில் அப்படித்தான் பேசினார்கள். என் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அதுதான் எனக்கு இன்றைக்கும் அவமானம். முனிரத்னம் அண்ணன் என் சட்டையைப் பிடித்து, "சொன்னேன் இல்ல?" என்று கிசுகிசுத்தார்.

அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும், அப்பாவின் சொத்து. இந்தக் கதவுக்கு வெளியே குரல் வராது. வரவே முடியாது. அப்படியானால் இது என்ன? சாவியைப் போட்டுத் திறந்தேன்.

முகத்தில் அடித்தது வெக்கை. ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் அறை சூடாக இருந்தது. அன்றைக்கு வெளியே அடித்த காய்ந்த சூடு இல்லை. ஈரமான, கனமான சூடு. பூமிக்குள் ஆழத்தில் இறங்கி, கேஜை விட்டு வெளியே கால் வைத்ததும் உடம்பில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சூடு. கண்ணாடியெல்லாம் பனித்திருந்தது. திரைகள் மூடியிருந்தன. படுக்கையில் யாரும் இல்லை. ஆனால் யாரோ படுத்திருந்த பள்ளம் இருந்தது.

"தம்பி, இங்க!" என்று முனிரத்னம் அண்ணன் கத்தினார்.

ஹால்வர் குளியலறைத் தரையில் கிடந்தார். வந்து இறங்கிய மாலையே விழுந்திருக்கிறார், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பு எலும்பு போய், கூடவே பக்கவாதம். கண் மட்டும் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. முனிரத்னம் அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்தப் பெரிய தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல சார்," என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வருகிற வரைக்கும் அவர் அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆள் பிழைத்தார். ஆனால் விவகாரம் அன்று சாயங்காலமே ஆரம்பித்தது.

செக்யூரிட்டி அதிகாரி போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே கேள்வி. ஒரு மனிதர் வாய் பேச முடியாமல் தரையில் கிடக்கிறார். அறைப் பணியாளர் தட்டினேன், பதில் வந்தது என்கிறார். யார் கொடுத்த பதில்? ஓர் ஆளை அறைக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திக் கத்தச் சொன்னார். நாங்கள் வெளியே நின்றோம். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. அவர் முனிரத்னம் அண்ணன் பக்கம் திரும்பி, "நீ தட்டவே இல்லை. சோம்பேறித்தனத்தில் பொய் சொல்லியிருக்கிறாய். இந்த ஆள் இறந்துபோனால் இது போலீஸ் கேஸ்," என்றார். அந்த ஊரில் கேஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் போய்விடும், ஆள் உள்ளே போய்விடுவார், எப்போது வெளியே வருவார் என்று சொல்ல ஆளிருக்காது. ஊருக்கு லீவில் போக முனிரத்னம் அண்ணன் பெட்டி கட்டி வைத்திருந்த நேரம் அது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பதில் கேட்டதா? இல்லை என்று சொன்னால் நான் தப்பித்தேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம். கேட்டது என்று சொன்னால் நானும் பொய்யன், அல்லது பைத்தியம். பேய் கிடையாது என்று சொல்லி வளர்ந்த என் வாயால், ஆளில்லாத படுக்கையிலிருந்து குரல் வந்தது என்று எப்படிச் சொல்வது?

"கேட்டது," என்றேன். "என் காதால் கேட்டேன்."

"என்ன மொழியில்?"

"தமிழில்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உன் ஊர்க்காரன். அதனால் சொல்கிறாய்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது மேடம் சல்மா உள்ளே வந்தார். உட்காரவில்லை. "அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்," என்றார். "என் பணியாளர் தட்டியிருக்கிறார். அதற்கு நான் பொறுப்பு. எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள்." செக்யூரிட்டிக்காரர் ஏன் என்று கேட்டார். "இத்தனை வருஷத்தில் நான் சொன்னதற்கு நீங்கள் காரணம் கேட்டதில்லை," என்றார் மேடம். விஷயம் அதோடு நின்றது. ஏசி பழுது என்று சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவன் பார்த்துவிட்டு, ஏசிக்கு ஒரு கேடும் இல்லை என்று போய்விட்டான்.

எனக்கு மட்டும் மேடம் தன் அறையில் ஏலக்காய்க் காப்பி கொடுத்தார். "கௌதம், படுக்கையைப் பார்த்தாயா?" என்றார்.

"பார்த்தேன், மேடம்."

"ஹால்வர் எந்தப் பக்கம் படுப்பார்?"

"போன் பக்கம்."

"பள்ளம் சுவர்ப் பக்கம் இருந்தது. சின்ன உடம்பு. முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்த உடம்பு. தலையணையைத் தலைக்கு வைக்கவில்லை, முகத்துக்கு மேல் வைத்திருக்கிறார், வெளிச்சம் படாமல் இருக்க." காப்பியை ஒரு வாய் குடித்தார். "இருபத்துநாலு மணி நேரமும் படுக்கைகளைப் பார்க்கிறவள் நான். அங்கே ஒருவர் தூங்கினார். யார் என்று நான் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்காதே. விரிப்பை மாற்று. நாளைக்கு அந்த அறையை ஆளுக்குக் கொடுக்க வேண்டும்."

கொடுத்தோம். யாரோ ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்து தங்கினார், நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முனிரத்னம் அண்ணனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வேலை போகவில்லை, சலவைக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எல்லோருக்கும் அவர் 'தட்டாதவர்' ஆகிவிட்டார். சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டினால், "தட்டிட்டு வாங்க" என்று சிரிப்பார்கள். முதலில் சண்டைக்குப் போனார். பிறகு பேச்சைக் குறைத்தார். ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, நெசமாவே நான் தட்டலியோ? ட்ராலிய நிறுத்தாமலே தாண்டிப் போயிட்டு, மனசே சொல்லிக்கினுச்சோ?" என்றார்.

"நானும் கேட்டேனேண்ணா."

"நீ எனக்கோசரம் சொன்ன," என்றார். "நீ நல்லவன்." எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. தள்ளிப்போன அந்த லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஹால்வர் வந்தார். கையில் தடி, பேச்சில் கொஞ்சம் குழறல். வந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போய்விட்டார் என்றேன். என்னை உட்காரச் சொன்னார். தங்குகிறவர் அறையில் நாங்கள் உட்காரக்கூடாது, ஆனால் அவர் விடவில்லை.

"நீங்கள் தட்டிய ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டது," என்றார். "முதல் தடவை கத்த முயன்றேன். சத்தம் வரவில்லை. அப்போது படுக்கைப் பக்கத்திலிருந்து ஒருவர் உங்களுக்குப் பதில் சொன்னார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அறையில் ஆள் இருக்கிறார், எழுந்தால் என்னைப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். காத்திருந்தேன். அவர் புரண்டு படுத்தார். குறட்டை விட்டார். நீங்கள் தட்டினால் மட்டும் பேசுவார், பிறகு தூங்கிவிடுவார்."

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"எனக்குத் தெரியாத மொழி. அவர் என்ன சொன்னார்?" என்று ஹால்வர் கேட்டார்.

"இப்போதுதான் படுத்தேன், அப்புறம் வா என்றார்."

ஹால்வர் தடியைச் சுவரோரம் சாய்த்தார். "எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை," என்றார். "அவ்வளவு களைத்த மூச்சு அது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், ஆனாலும், பாவம், தூங்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது."

அடுத்த லீவில் ஊருக்கு வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடினேன். எனக்கு ஒரே சந்தோஷம். முனிரத்னம் அண்ணன் பொய் சொல்லவில்லை, இதோ சாட்சி என்று சொல்லப்போகிறேன் அல்லவா? அவர் பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் இரவுக் காவல் வேலை செய்துவந்தார். காலை ரயிலில் வந்து பகலில் தூங்குவார். நான் போனபோது எழுந்து, பல் விளக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. முகத்தில் பழைய தெளிவு. "வா தம்பி, வா. இன்னா, திடுதிப்புனு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹால்வர் சொன்னதைச் சொன்னேன், மேடம் படுக்கையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். "நீ தட்டினண்ணா. அவரு சாட்சி. நீ ஒரு தப்பும் பண்ணல," என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. என் கையை விட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெளிவு வடிந்துபோனது.

"ஏன் தம்பி சொன்ன?" என்றார்.

"அண்ணா..."

"நான் தட்டல, பொய்தான் சொன்னேன்னு எப்டியோ மனசுக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருந்தேன். அதுக்கே எம்மாம் பாடு பட்டேன் தெரியுமா? பொய் சொன்னவன் தூங்கலாம் தம்பி. தூங்கிக்கினு இருந்தேன்." மூடியிருந்த வாசல் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி யாரிடமோ, மெதுவாகப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தாள். "டூட்டி முடிஞ்சு வந்து இதே கட்டில்ல தான் படுக்குறேன். யாராச்சும் வந்து தட்டுனா, நான் பதில் சொல்லி அனுப்பிச்சிட்டன்றா எம் பொண்டாட்டி. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல. இத்தினி நாளா நான்தான் சொல்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே அது நான்தான்னு எனக்கு எப்டித் தெரியும்?"